உழுபொறியைத் தேர்ந்து கொள்ளுதல்

தென்பாண்டி நாட்டில் கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, கயத்தாறு, ஓட்டப்பிடாரம் முதலிய ஊர்களைத் தழுவிப் பரந்து கிடக்கும் நிலப்பரப்பைக் கரிசற்காடு என்று மக்கள் வழங்குவர். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கருநிறம் படர்ந்த இந்நிலத்தில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வைப்பாறு மழைக்காலத்தில் நீர் கண்டு, ஏனைய நாள்களில் மணற்பரப்பாய்க் காட்சியளிக்கும். ஆதலின் இங்கு வாழும் உழவர் வானத்தை நோக்கியே வித்திடுவர். பருத்தி, கம்பு, சோளம், மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி முதலியன இங்கு விளையும் மானாவாரிப் பயிர்கள். இம்மண்ணின் பயிர்களை ஆராயும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் தொடங்கப்பெற்றது.

கரிசல் மண்ணுக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. அதிலுள்ள நுண்ணிய களித்துகள்கள் நீரை உண்டு பருக்கும். நீர் வற்றியவிடத்துச் சுருங்கும். எனவே, கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கல்லெனக் கடினமாகும். மழை பெய்த பின்னரோ, காலை வைத்தால் விடாது பற்றும் பசையாகிவிடும். கல்லாகவும் இன்றிப் பசையாகவும் இன்றி, உழவுக்கு இசைந்து நிற்கும் பதம் சில நாள்களே நீடிக்கும். அந்நாள்களுக்குள் உழுது முடித்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்குமுன், புரட்டாசியிலேயே நிலத்தைப் புழுதிபடச் செய்து விதைத்துவிடுதல் இவ்வட்டாரத்து வழக்கம். அவ்வேளையில் உழவுக் கருவி பழுதுற்று ஒரு வாரம் நின்றுவிடின், இழப்பது ஒரு வாரம் அன்று; ஓராண்டு விளைவேயாகும்.

முற்காலத்தில் இவ்வுழவை எருதுகள் செய்தன. இன்று அப்பணியின் பெரும்பகுதியை டிராக்டர் என்னும் உழுபொறி ஏற்றுக்கொண்டது. அயர்லாந்து நாட்டில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பார், கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெயின் அழுத்தத்தால் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல அமைப்பை உருவாக்கி, 1926-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். இன்றைய டிராக்டர்கள் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழிவந்தவையே. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு பரீதாபாத்தில் ஐஷர் நிறுவனம் டிராக்டர் செய்யத் தொடங்கியது. 1960-ஆம் ஆண்டில் சென்னையில் டாபே நிறுவனம் தோன்றியது. அதன் பின்னர் நாட்டின் பல பகுதிகளிலும் தொழிற்சாலைகள் பெருகின. ஒரு காலத்தில் பெருநிலக்கிழார்க்கே உரியதாயிருந்த இப்பொறி, இன்று சிற்றூர்தோறும் காணப்படுகின்றது.

எனினும், புதிய டிராக்டரின் விலை பல இலட்சம் ரூபாய். மழையை நம்பி வாழும் உழவர் பலர்க்கு அது எட்டாக்கனி. ஆகவே, பிறர் ஓட்டிய பழைய டிராக்டரை விலைக்குக் கொள்ளுதல் பெருவழக்காக உள்ளது. அவ்வாறு கொள்வோர் பெரும்பாலும் நகையை அடகு வைத்தும், வட்டிக்குக் கடன் பெற்றும் பணம் திரட்டுகின்றனர். நல்ல பொறி வாய்க்கின், சொந்த நிலத்தை உழுவதோடு அயலார் நிலத்தையும் வாடகைக்கு உழுது கடனை அடைத்துவிடலாம். தீய பொறி வாய்ப்பின், கடனும் தீராது, நிலமும் தரிசாகும், பழுது பார்க்கும் செலவோ ஆண்டுதோறும் வளரும். இக்காரணத்தால், பழைய டிராக்டரை ஆராய்ந்து வாங்கும் அறிவு உழவர்க்கு இன்றியமையாததாகின்றது.

நிலம் மிகச் சிறிதாயின், வாங்காமலிருத்தலே அறிவுடைமையாகலாம். தமிழ்நாட்டு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களைக் குறைந்த வாடகைக்கு வழங்குகின்றது. ஆண்டில் சில மணி நேர உழவே தேவைப்படுவோர், அவ்வாடகையையும் சொந்தப் பொறிக்கு ஆகும் வட்டி, எண்ணெய், பழுது ஆகிய செலவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கணக்கு வாங்குதலின் பக்கம் சாய்ந்தால் மட்டுமே அடுத்த அடி எடுத்து வைத்தல் தகும்.

எருது வாங்குவதில் நம் முன்னோர் காட்டிய விழிப்பு போற்றத்தக்கது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணிப்பர். நடக்கவிட்டுக் கால்களின் வைப்பை நோக்குவர். பிடரியைத் தடவி நுகத்தடித் தழும்பை ஆராய்வர். ஏரில் பூட்டி ஒரு சால் ஓட்டிய பின்னரே விலை பேசுவர். கொம்பில் பூசிய வண்ணமும் கழுத்தில் கட்டிய மணியும் அவரை மயக்கா. நளன் கதையிலும் இத்தகைய காட்சி ஒன்று வருகின்றது. இருதுபன்னனின் தேரில் பூட்டுதற்கு நளன் தேர்ந்தெடுத்தவை மெலிந்த குதிரைகள். அவற்றைக் கண்டு மன்னன் ஐயுற்றான். ஆயினும், புறத்தோற்றத்தை விடுத்து உள்வலியை உணர்ந்தவன் நளன் என்பது வழிநடையில் புலனாயிற்று. டிராக்டரைத் தேர்வோர்க்கும் இவ்வுணர்வே வேண்டும். புதிதாகப் பூசிய வண்ணம் பொறியின் வலிமையன்று.

பொறி வாய் திறந்து பேசாது. ஆயினும், அது செய்த வேலை அதன் உறுப்புகளில் தழும்பாகப் பதிந்திருக்கும். முதலில் ஆராய வேண்டுவது, இப்பொறி இதுகாறும் எவ்வேலை செய்தது என்பதேயாம். தென் மாவட்டங்களில் விற்பனைக்கு வரும் டிராக்டர்கள் பெரும்பாலும் மூன்று வகை உழைப்பில் ஒன்றைச் செய்தவையாயிருக்கும்: நன்செய்யில் சேறு கலக்கியவை, சாலையில் பாரம் இழுத்தவை, புன்செய்யில் உழுதவை.

தாமிரபரணி பாயும் சேரன்மகாதேவி, திருவைகுண்டம் முதலிய இடங்களின் வயல்களில் இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேறடித்த பொறி, நீரோடும் சேற்றோடும் பழகியது. அதன் அச்சுகளிலுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் தேய்ந்து, உள்ளே நீர் புகுந்திருக்கக்கூடும். கியர்ப்பெட்டியிலும் பின்னச்சிலும் உள்ள எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்துத் தோன்றின், நீர் கலந்தமை தெளிவு. கால்மிதிப் பலகையின் அடியில் துருவும், இடுக்குகளில் உலர்ந்த சேறும் காணப்படும்.

செங்கல்லும் மணலும் ஏற்றிய டிரெய்லரை நெடுங்காலம் சாலையில் இழுத்த பொறியை அதன் பின் டயர்களே காட்டிக்கொடுக்கும். மண்ணைப் பற்றுதற்காக அமைந்த மேடான வரிகள் தார்ச்சாலையில் உராய்ந்து நடுப்பகுதியில் மழுங்கியிருக்கும். டிரெய்லரைப் பிணைக்கும் கொக்கியின் துளை வட்டம் இழந்து நீண்டிருக்கும். பிரேக்கும் கிளட்சும் மிகுதியாகத் தேய்ந்திருக்கும்.

புன்செய்யில் உழுத பொறிக்குப் பெரும்பகை புழுதியே. கரிசற்காட்டில் கோடை உழவின்போது எழும் தூசு, ஓட்டுநரின் முகத்தையே மறைக்கும் தன்மையது. அத்தூசு இன்ஜினுக்குள் புகுந்தால் எண்ணெயோடு கலந்து அரம்போல் ஆகி, சிலிண்டரின் உட்சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் அராவிவிடும். பின்னர் எண்ணெய் எரியும், ஆற்றல் குன்றும், இறுதியில் இன்ஜினை முழுதும் பிரித்துப் புதுப்பிக்க நேரும்.

ஆதலின், கரிசல் நிலத்து உழவர் முதற்கண் செய்யத்தக்க சோதனை எளியது, செலவில்லாதது. இன்ஜினை நிறுத்திவிட்டு, காற்றைத் தூய்மை செய்யும் ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள இரப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். விரல் தூய்மையாக இருப்பின் நன்று. விரலில் மண் ஒட்டுமாயின், வடிகட்டப்படாத காற்று இன்ஜினுக்குள் சென்றுகொண்டிருந்தது என்பது உறுதி. குழாயில் வெடிப்பு உண்டா, அதனை இறுக்கும் வளையங்கள் தளர்ந்துள்ளனவா, ஏர் கிளீனரின் கிண்ணத்தில் எண்ணெய் அளவாக உள்ளதா அன்றிச் சேறாகக் கிடக்கின்றதா என்பனவற்றையும் நோக்குதல் வேண்டும். காகித வடிகட்டி உள்ள பொறியாயின், அக்காகிதம் கிழிந்துள்ளதா என்று வெளிச்சத்தில் பிடித்துக் காணலாம்.

அடுத்து வயதை அறிதல் வேண்டும். எருதுக்குப் பல் எவ்வாறோ, டிராக்டருக்கு மணிக்கணக்குக் காட்டும் மானி அவ்வாறாம். டிராக்டரின் உழைப்பை மைல் கணக்கால் அளப்பதில்லை. இன்ஜின் ஓடிய மணிக்கணக்கால் அளப்பர். பழைய வகை மானிகள் இன்ஜினின் சுழற்சியைக் கொண்டே மணியைக் கணக்கிடுவன. ஆகையால் மெதுவாக ஓடிய நேரத்தை அவை குறைத்தே காட்டும். மேலும், மானியைக் கழற்றி மாற்றிவிடுதலும் அரிதன்று. எனவே, மானி கூறுவதைப் பிற சான்றுகளோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஆண்டுக்கு 600 மணி உழைத்த பொறி எட்டு ஆண்டுகளில் 4,800 மணி காட்ட வேண்டும். அத்தகைய பொறியின் மானி 1,500 மணி மட்டுமே காட்ட, கிளட்ச் மிதியின் வரிகள் முற்றும் தேய்ந்து, ஸ்டியரிங் சக்கரம் வழவழப்பாகி, பின் டயர்களும் ஒருமுறை மாற்றப்பட்டிருப்பின், அம்மானியின் சொல்லை ஏற்றல் ஆகாது.

இன்ஜினைக் கிளப்புமுன் கவனிக்க வேண்டியவை சில உள. விற்பவர் வீட்டை அடைந்தவுடன் இன்ஜினின்மீது கையை மெல்ல வைத்துப் பார்த்தல் நலம். அது சூடாயிருப்பின், வாங்குவோர் வருமுன்னரே ஓட்டி வைக்கப்பட்டது என்பது பொருள். குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் குறையை மறைத்தற்கு அஃது ஒரு வழி. அந்நிலையில், பொறி ஆறும்வரை காத்திருத்தலோ மறுநாட் காலை மீண்டும் வருதலோ தக்கது. ஆறிய பின்னர் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து நீரைக் காண வேண்டும். சூடாயிருக்கும்போது அதனைத் திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், இன்ஜின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலும், சிலிண்டர் தலைப்பின் கேஸ்கட் பழுதுற்றதாகவோ இரும்பு வெடித்ததாகவோ ஐயுறல் வேண்டும்.

எண்ணெயின் கருமையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. டீசல் இன்ஜினில் எண்ணெய் விரைவில் கறுப்பது இயல்பே. மாறாக, மிகத் தடித்த எண்ணெய் அன்றே ஊற்றப்பட்டிருப்பின் விழிப்பு வேண்டும். தேய்ந்த இன்ஜினின் ஒலியையும் புகையையும் சில நாள் அடக்கி வைக்கத் தடித்த எண்ணெய் உதவும். அவ்வாறே, எங்கும் ஈரம் உலராத அளவுக்குக் கழுவப்பட்ட பொறியில் எண்ணெய்க் கசிவு கண்ணுக்குப் புலப்படாது. அரைமணி நேரம் ஓட்டிய பின்னர் அடிப்பகுதியை மறுபடியும் நோக்குவாரே உண்மையை உணர்வர். இன்ஜினும் கியர்ப்பெட்டியும் சேருமிடத்தின் அடியிலுள்ள சிறு துளையின் வழியே எண்ணெய் சொட்டுமாயின், உள்ளிருக்கும் தடுப்பு வளையம் பழுதுற்றது. அவ்வெண்ணெய் கிளட்சையும் கெடுத்துவிடும். வளையத்தின் விலை சிறிது. அதனை மாற்றுதற்குப் பொறியையே இரு கூறாகப் பிரித்தல் வேண்டும்.

இனி, இன்ஜினைக் கிளப்பிய பின்னர்ப் புகையின் நிறத்தைக் காண்க. மருத்துவர் நாவைக் கண்டு நோயை அறிவதுபோல், புகையைக் கண்டு இன்ஜினின் நலத்தை அறியலாம். கிளம்பும்போதும் திடீரெனச் சுமை ஏறும்போதும் சிறிது கரும்புகை எழுந்து மறைதல் இயல்பு. எந்நேரமும் கரும்புகை வருமாயின், காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாகப் பாய்கின்றது என்க. ஏர் கிளீனரையும், டீசலைத் தூவும் நாஸில்களையும், பம்பையும் சோதித்தல் வேண்டும். நீலப்புகை, எண்ணெய் எரிவதற்கு அடையாளம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தமையை அது பெரும்பாலும் உணர்த்தும். இன்ஜின் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காதாயின், டீசல் முற்றும் எரியாமை, அல்லது சிலிண்டருக்குள் நீர் புகுதல் காரணமாகலாம். இன்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால், அவ்வழியே புகை உந்தி உந்தி வெளிவருதல் கூடாது. வருமாயின், எரிவாயு பிஸ்டனைக் கடந்து கீழிறங்குகின்றது. இன்ஜினைப் புதுப்பிக்கும் நாள் தொலைவில் இல்லை என்பதே அதன் பொருள்.

சூடேறிய இன்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானியின் முள் மிகக் கீழே வீழ்தலும் நற்குறியன்று; உள்ளிருக்கும் பேரிங்குகள் தேய்ந்தமையை அது காட்டும். 2023-ஆம் ஆண்டு சனவரி முதல், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கேற்ப வந்த பொறிகள் பலவற்றில் டீசல் பாயும் அளவை மின்னணுக் கருவியே ஆளுகின்றது. அத்தகையவற்றைக் கண்ணாலும் காதாலும் மட்டும் அறிதல் இயலாது; அவற்றின் குறைகளைப் படித்தறியும் கருவி உடைய மெக்கானிக்கின் துணை வேண்டும்.

அடுத்தது ஓட்டிப் பார்த்தல். கிளட்சைச் சோதிக்க, ஆளற்ற திறந்த வெளியில் பிரேக்கை உறுதியாக மிதித்து, உயர்ந்த கியரில் இட்டு, கிளட்சை மெல்ல விடுதல் வேண்டும். நல்ல கிளட்சாயின் இன்ஜின் திணறி நின்றுவிடும். கிளட்சை முற்றும் விட்ட பின்னும் இன்ஜின் வருத்தமின்றி ஓடுமாயின், கிளட்ச் வழுக்குகின்றது. பின்னர் ஒவ்வொரு கியரிலும் சிறிது தொலைவு ஓட்ட வேண்டும். சுமையோடு ஏறும்போதும் சரிவில் இறங்கும்போதும் கியர் தானே நழுவுமாயின், கியர்ப்பெட்டியின் பற்கள் தேய்ந்தன என்று கொள்க.

டிராக்டரின் பிரேக் மிதிகள் இரண்டு. வயலில் திரும்பும்போது ஒரு சக்கரத்தை மட்டும் நிறுத்துதற்காக அவை பிரிக்கப்பட்டுள்ளன. சாலையில் ஓடும்போது இரண்டையும் கொக்கியால் பிணைத்தல் வேண்டும். பிணைத்து மிதிக்கும்போது பொறி நேராக நில்லாமல் ஒருபுறம் இழுக்குமாயின், அது பேரிடர்க்கு அறிகுறி. பாரம் நிறைந்த டிரெய்லர் பின்னே தள்ள, முன்னே ஒரு சக்கரம் மட்டும் நின்றால் டிராக்டர் கவிழ்ந்துவிடும். இங்குக் காப்பாற்ற வேண்டியது பணம் அன்று, உயிராகும். முன்னச்சை ஜாக்கியால் உயர்த்திச் சக்கரத்தை இருகையாலும் பற்றி அசைத்துப் பார்த்தலும் வேண்டும். கரிசற் கட்டிகளின்மேல் குலுங்கிக் குலுங்கி ஓடிய பொறியின் முன்னச்சு முளைகளும் நடுமுளையும் தளர்ந்திருத்தல் உண்டு.

டிராக்டரின் உரம் சாலையில் வெளிப்படாது, உழவிலேயே வெளிப்படும். ஆகையால், ஒன்பது கொத்துக் கலப்பையையோ சட்டிக் கலப்பையையோ பூட்டி, ஒரு மணி நேரமேனும் நிலத்தில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். கலப்பை ஆழ இறங்கும்போது இன்ஜினின் வேகம் சற்றுத் தாழ்ந்து மீள்வது இயல்பு. தாழ்ந்தது மீளாது திணறுவது குறை. எண்ணெய் சூடேறிய பின் கலப்பையை முழு உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். கலப்பை மிக மெல்லத் தாழ்ந்தால் வியப்பில்லை. கண்ணெதிரே விரைந்து இறங்குமாயின், ஹைட்ராலிக் அமைப்பினுள் எண்ணெய் கசிகின்றது. தூக்கிய கலப்பையின் அடியில் கையையோ காலையோ நீட்டுதல் ஒருபோதும் கூடாது.

சுழற்கலப்பையையும் கதிரடிக்கும் பொறியையும் இயக்குவது பி.டி.ஓ. எனப்படும் பின்புறச் சுழல்தண்டு. அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலுமாறு அமைந்தது. அதனை ஓட்டியும் நிறுத்தியும் பார்க்க வேண்டும். அதன்மேல் இருத்தற்குரிய காப்பு மூடி உள்ளதா என்பதையும் காண்க. சோதிக்கும்போது வேட்டியின் நுனியும் தோளில் கிடக்கும் துண்டும் அத்தண்டின் அருகே செல்லாதவாறு காத்துக்கொள்ளல் வேண்டும். துணி சிக்கினால் ஆளையும் இழுத்துச் சுருட்டிவிடும். விலகுதற்கு நேரம் இராது.

டயர்களின் செலவும் சிறிதன்று. வேலிக்கருவை முள் நிறைந்த இவ்வட்டாரத்தில் டயரின் பக்கச் சுவர்களில் உள்ள வெடிப்புகளையும் ஒட்டுகளையும் தடவிப் பார்த்தல் நன்று. பற்று மிகும்பொருட்டுப் பின் டயர்களில் நீர் நிரப்புவது உண்டு. அந்நீரால் இரும்பு வளையம் உட்புறமாகத் துருப்பிடித்து மெலிந்திருத்தல் கூடும். காற்றடைக்கும் முளையைச் சுற்றித் துருக்கறை படிந்திருப்பது அதற்குச் சான்று.

பொறி நல்லதாயினும் அதன் பத்திரங்கள் தீயவாயின் பயனில்லை. பதிவுச் சான்றிலுள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இரும்பில் பொறித்த எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். எண்கள் அராவப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருப்பின், அப்பொறியை விட்டு நீங்குதலே நன்று. கடன் கொடுத்த வங்கியின் பெயர் பதிவுச் சான்றில் இருப்பின், கடன் தீர்ந்தமைக்குரிய வங்கிச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, அப்பதிவை நீக்குதல் வேண்டும். இன்றேல், விற்றவர் பட்ட கடனுக்கு வாங்கியவரின் பொறி பறிபோகும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29-உம் படிவம் 30-உம் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அதே மாநிலத்தில் விற்பவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலர்க்கு அறிவித்தல் கடமை. காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

இவ்வாறு ஆராயின், குறையே இல்லாத பழைய பொறி ஒன்றும் அகப்படாது. ஆதலின், குறைகளை மூவகையாகப் பகுத்துக் கொள்ளல் அறிவுடைமை. பேட்டரி, விளக்கு, இரப்பர்க் குழாய் முதலியவற்றின் குறைகள் சிறியன. அவற்றைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. கிளட்ச், டயர், நாஸில், ஹைட்ராலிக் வளையம் முதலியவற்றின் குறைகள் நடுத்தரமானவை. அவற்றைச் சீர்செய்ய ஆகும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டறிந்து விலையிற் கழித்தல் வேண்டும். வெடித்த இன்ஜின் இரும்பு, பற்கள் முறிந்த கியர்ப்பெட்டி, ஐயத்துக்கிடமான எண்கள், தீராத கடன் ஆகியவை பெருங்குறைகள். இவற்றுள் ஒன்று காணப்படினும், விலை எத்துணைக் குறைவாயினும் வாங்குதல் தகாது.

பேரத்தின்போது நாணம் உழவர்க்குப் பகையாதல் உண்டு. விற்பவர் உறவினராகவோ அறிந்தவராகவோ இருப்பார். “அண்ணாச்சி, ஒரே கை ஓட்டிய வண்டி, நம்பி எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார். அச்சொல் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், சோதித்துப் பார்த்தல் அவரை இகழ்வதாகாது. நேர்மையுடையார் தம் பொறியின் குறையைத் தாமே முன்வந்து கூறுவர். உழுது பார்க்கவும் இசைவர். ஓட்டிப் பார்க்க இடங்கொடாது முன்பணத்துக்கு விரைவாரிடத்து விலகி நிற்றலே நன்று. ஆராயாது ஒருவரைத் தெளிதலும், ஆராய்ந்து தெளிந்த பின் ஐயுறுதலும் ஆகிய இரண்டுமே தீராத இடும்பை தரும் என்பது வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தில் உணர்த்திய கருத்து. அது பொறிக்கும் பொருந்தும்.

தேர்ந்து வாங்கிய பின்னர்ப் பொறியைப் பேணுதல் உடையவரின் கடன். கரிசற் புழுதியில் உழும் நாள்களில் ஏர் கிளீனரை நாள்தோறும் பார்த்தலும், உரிய மணிக்கணக்கில் எண்ணெய் மாற்றுதலும், தளர்ந்த திருகுகளை முடுக்குதலும் வேண்டும். செய்த பணிகளை நாளோடு ஓர் ஏட்டில் குறித்து வைப்பின், பின்னொருநாள் அப்பொறியை விற்க நேரும்போது, வாங்க வருவோர்க்கு அவ்வேடே தக்க சான்றாகும். எருதைத் தொழுவத்தில் கட்டித் தீனி வைத்த பின்னரே தாம் உண்ட உழவர் மரபில் வந்தோர்க்கு இஃது அரியதன்று. புரட்டாசித் திங்களில் மேகம் திரளும்போது, கலப்பை பூட்டிய பொறி ஒரே விசையில் கிளம்புமாயின், அதனைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிட்ட இரண்டொரு நாளின் பயன் அக்கணமே விளங்கும்.